பயறு ஈரல்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில், உப்பு ஜாடிக்கு மேலே, ஆணியில் ஒரு கொட்டான் தொங்குகிறது. பனையோலையில் முடைந்த சின்னப் பெட்டி. இரண்டு கைகளைச் சேர்த்து ஏந்தினால் அடங்கிவிடும். ஓலை நிறம் மங்கிப் பழுப்பாகி, அடிப்பக்கம் எண்ணெய் ஊறிக் கறுத்துப்போயிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதில் பூண்டு போட்டு வைத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே ஒன்றும் கிடையாது. அம்மா அடித்த ஆணி, அம்மா மாட்டிய கொட்டான். அவள் போன பிறகும் நான் அதை இறக்கவில்லை, இறக்கப்போவதும் இல்லை. எங்கள் வீட்டில் நாங்கள் ஜெயித்ததற்கு அடையாளமாக இருப்பது அது ஒன்றுதான்.

இந்த வருடம் தை மாதத்தில் அந்தக் கொட்டானை அடிக்கடி பார்க்கும்படி ஒரு வேலை வந்தது. திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் அட்டைப்பெட்டிகளுக்குப் படம் வடிவமைப்பது என் பிழைப்பு. சீசனில் பட்டாசுப் பெட்டி, மற்ற நாட்களில் பிஸ்கட், சோப்பு, ஊதுபத்தி. இந்த முறை வந்த ஆர்டர், செடியிலிருந்து செய்த மட்டன். பட்டாணியும் சோயாவும் சேர்த்து, நார் நாராக இழைத்து, ஆட்டுக்கறி மாதிரியே துண்டு போட்டு, உறைய வைத்து விற்கிறார்களாம். கம்பெனியிலிருந்து வந்த இளைஞன் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ரத்தச் சிவப்பு வேணும் மேடம், நிஜக் கறின்னே தோணணும்" என்றான். அவன் போனதும் எங்கள் மெஷின்காரர் மாதிரித் தாளைத் தூக்கிப் பிடித்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கறி வேண்டாங்கிறவன் காயத் தின்னுட்டுப் போக வேண்டியதுதானக்கா. பட்டாணிக்கு எதுக்கு ஆட்டு வேசம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அவருக்குச் சொல்லும்படி ஏழெட்டுப் பதில்கள் இருக்கின்றன. கறியை விட்டவர்கள் எல்லோருக்கும் நாக்கும் சேர்ந்து விட்டுவிடுவதில்லை. உயிரைக் கொல்ல மனசில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை மறக்கவும் முடியவில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். பந்தியில் எல்லோர் இலையிலும் கறி விழும்போது தன் இலையில் மட்டும் அவரைக்காய் விழுவதில் ஒரு குறை இருக்கும். எல்லாமே உண்மைதான். ஆனால் எந்தக் கம்பெனியும் பெட்டியில் அச்சடிக்க முடியாத காரணம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் பயறு ஈரலாக மாறியது வஞ்சத்தால். அம்மாவின் வஞ்சம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

எங்கள் பங்காளி வகையறாவின் குலசாமி கோயில் சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. சுற்றிலும் வேலிக்காத்தான், நடுவில் ஒரு வேம்பு, ஒரு பீடம். பங்குனியில் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவோம். முதல் கிடாவின் ஈரலை மட்டும் குழம்பில் போட மாட்டார்கள். அதைக் கனலில் சுட்டு, சாமிக்குப் படைத்து, பிறகு துண்டு போட்டு, ஒரு துண்டுக்கு ஒரு கொட்டான் என்று வைப்பார்கள். குடும்பம் நடத்தும் ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. வகையறாவுக்குப் பெரியவர் ஒவ்வொரு தலைக்கட்டாகப் பேர் சொல்லிக் கூப்பிட, அவர் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். ஈரல் எந்தக் கறிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் அந்தத் துண்டு கிடைத்தால்தான் நீ இந்த வகையறாவில் ஒரு ஆள். வகையறாவுக்குப் பெரியவர் என்றால் என் பெரியப்பா, அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். விருதுநகரில் பயறு, பருப்பு மொத்த வியாபாரம். அப்பா சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் மேஸ்திரி. கோயிலில் வாங்கிய கொட்டானை வண்டியின் கைப்பிடியில் தொங்கவிட்டு வீடு வரைக்கும் கொண்டுவருவார். வழியில் பிரித்துத் தின்ன மாட்டார். கட்டைவிரல் அளவுத் துண்டை அம்மா மூன்றாகப் பிய்ப்பாள். கரி ஒட்டியிருக்கும், உப்பு போதாது. அதைப்போல ருசி நான் பிறகு அறிந்ததில்லை.

சாத்தூர் ரோட்டில் லாரி மோதி அப்பா இறந்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்து வந்த பங்குனியில் அம்மாவும் நானும் வேம்படியில் பெண்களோடு நின்றோம். பெரியப்பா பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அப்பாவின் முறை வரும் இடத்தில் ஒரு கணம்கூட நிற்காமல் அடுத்த பேருக்குப் போய்விட்டார். மறந்திருப்பார் என்றுதான் அம்மா நினைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு போய்க் கேட்டாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆம்பள இல்லாத வீட்டத் தலைக்கட்டுல சேக்கிறது நம்ம வழக்கத்துல இல்லம்மா. ஒரு பய இருந்தாலும் சேத்துருக்கலாம்" என்றார். அதோடு விட்டிருந்தால்கூட அம்மா பொறுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்துவிட்டு, "பிள்ளை ஆசைப்பட்டா, கடைசியில மிச்சம் கிடந்தா வாங்கிட்டுப் போ" என்று சேர்த்துச் சொன்னார். அம்மா, "மிச்சம் வேண்டாம் அத்தான்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை அந்த வெயிலில் நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து என்னை முன்னால் உட்கார வைத்துச் சொன்னாள். "அந்தப் பங்கு உம் பேரச் சொல்லி இந்த வாசலுக்கு வாரவரைக்கும் இந்த வீட்ல ஈரல் கிடையாது. கறியே கிடையாது. தெரியுதா?" அவள் நினைத்தது ஒரே ஒரு காரியம்தான். பெரியப்பா தன் வாயால் என்னைத் தலைக்கட்டு என்று கூப்பிட வேண்டும், தன் கையால் அந்தக் கொட்டானைக் கொண்டுவந்து தர வேண்டும். அதற்காக அழுது நிற்கவோ, உறவுக்காரர்களைக் கூட்டி வைத்துப் பஞ்சாயத்துப் பேசவோ அவள் தயாராக இல்லை. காலையில் கம்பெனி வேனில் ஏறி காலண்டருக்குத் தகரம் அடிக்கும் வேலைக்குப் போவாள், சாயங்காலம் வருவாள், அதை நினைத்துக்கொண்டே இருப்பாள்.

எனக்கு அந்த வயதில் வஞ்சம் எங்கே புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீடுகளில் மசாலா அரைக்கும் வாசம் வந்தால் அழுவேன். ஒரு ஞாயிறு அழுகை எல்லை மீறிப் போனபோது அம்மா பாசிப்பயறை எடுத்து ஊறப்போட்டாள். தோலோடு கொரகொரவென்று அரைத்து, சோம்பும் மிளகாயும் சேர்த்து, எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி அவித்தாள். ஆறியதும் கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டினாள். பார்த்தால் பர்பி மாதிரி இருந்தது. அவளே அதைப் பார்த்து, "ஆட்டுக்குள்ள எங்கன சதுரம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த முறை கையால் பிய்த்துப் போட்டாள். அதற்கடுத்த முறை பழைய இரும்புச் சட்டியைத் தேடி எடுத்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் கருகும் அளவுக்கு வதக்கி, மிளகையும் சீரகத்தையும் இடித்துப் போட்டு, நெருப்பைக் குறைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தாள். இரும்பின் வாசம் பயறில் ஏறியது. வெளியே கறுத்து, உள்ளே பல்லில் மாவாக உதிர்ந்தது. சுட்ட ஈரலும் அப்படித்தான் உதிரும்.

ஒரு நாளில் வந்த கைப்பக்குவம் அல்ல அது. வருடக்கணக்கில் செய்தாள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறைகிறது என்பாள். எங்கள் தெருவில் ஒரு சாம்பல் பூனை உண்டு. பயறு ஈரல் கைகூடிவிட்டது என்று அவளுக்கே தோன்றிய ஒரு நாள், ஒரு துண்டைப் பூனை முன்னால் வைத்தாள். அது மோந்து பார்த்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எனக்குச் சிரிப்பு. அம்மா அசரவில்லை. "நான் என்ன பூனைக்கா ஆக்குறேன். மனுசனுக்கு ஆக்குறேன். மனுசன் மூக்க வச்சாத் திங்கிறான், நினைப்ப வச்சுல்ல திங்கிறான்" என்றாள்.

அப்போது நான் மெஷின்காரர் கேட்ட அதே கேள்வியை அவளிடம் கேட்டேன். எதற்கு இந்தப் பாடு, பயறைப் பயறாகவே சுண்டல் போட்டுத் தந்தால் தின்ன மாட்டேனா என்று. அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "பயறாக் குடுத்தா நாம விட்டுக்குடுத்துட்டோம்னு ஆயிரும்." அதற்கு மேல் விளக்கவில்லை. எனக்கு விளங்க நாளானது. எது தன்னிடமிருந்து பிடுங்கப்பட்டதோ அதன் உருவத்தைத் தட்டில் வைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால்தான் பிடுங்கியவன் முகம் மறக்காது. வேறு எதையாவது தின்று பழகிவிட்டால் மறந்துபோகும். மறந்துபோனால் அவன் ஜெயித்துவிட்டான் என்று அர்த்தம்.

நான் உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகு அவளுக்கு நேரம் கூடி வந்தது. எங்கள் கோயிலில் பங்குனிப் பொங்கலுக்கு வகையறா சார்பில் ஒருவர் மட்டும் காப்புக் கட்டி விரதம் இருப்பார். காப்பு அவிழ்க்கும்வரை அவர் கறி, மீன் தொடக் கூடாது. அவர்தான் முதல் கிடாவுக்கு மஞ்சத்தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் பட்டு கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் நின்றால் வெட்டக் கூடாது. காப்புக் கட்டுவது எப்போதும் பெரியப்பாதான். விரத நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு அவரை யார் அழைத்தாலும் மறுக்கக் கூடாது என்பதும் வழக்கம். சோறு போடுகிறேன் என்பவரை மறுத்தால் அதுவே விரதத்துக்குக் குறை.

அம்மா அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். என்னையும் கூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் போய், கடையில் ஆட்கள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சொன்னாள். "காப்புச் சோறு ஒரு நேரம் எங்க வீட்ல சாப்பிடணும் அத்தான்." அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வேறு வழியில்லாமல், "வாரேம்மா" என்றார். புறப்படும் முன் அம்மா அங்கேயே பாசிப்பயறு கேட்டாள். பெரியப்பா மூட்டையில் கையை விட்டு அள்ளி, உள்ளங்கையில் பரப்பிக் காட்டி, "புதுச் சரக்கு, நல்லா இருக்கும்" என்று தன் கையாலேயே பையில் போட்டுத் தந்தார்.

இரண்டு பங்காளிகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா இறந்த பிறகு அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அன்றுதான். இலை போட்டு, சாம்பார், அவரைக்காய், அப்பளம் எல்லாம் வைத்த பிறகு, அம்மா இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று இலையிலும் வைத்தாள். பெரியப்பாவின் கை நின்றது. "என்னம்மா இது?" என்றார். "பயறுதான் அத்தான். பாசிப்பயறு. சாப்பிடுங்க" என்றாள் அம்மா. தாழ்ந்த குரல், ஆனால் தெளிவாகத்தான் சொன்னாள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். கண் ஒரு முறை மூடித் திறந்தது. பிறகு குனிந்து தின்றார், இன்னும் வாங்கித் தின்றார், சோற்றை ஒதுக்கிவிட்டு அதையே தின்றார். விரதம் தொடங்கிய நாளிலிருந்து வெறும் காயாகத் தின்ற வாய். பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கரண்டியோடு ஓரமாக நின்றாள். அவள் முகத்தில் சிரிப்போ கோபமோ எதுவும் இல்லை. கை கழுவும்போது பங்காளிகளில் ஒருவர் தன் விரலை மோந்து பார்த்ததை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

அது போதுமானதாக இருந்தது. விருதுநகரிலிருந்து சிவகாசி வரைக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் வீட்டிலெல்லாம் பேச்சு அதுவாகிவிட்டது. பயறு என்று சொல்லி ஈரலைப் போட்டுவிட்டாள், காப்புக் கட்டின மனுசன் விரதம் கெட்டுவிட்டது என்றார்கள். "அம்புட்டு வஞ்சத்த மனசுல வச்சிருக்கவ பயறவா போட்டிருப்பா" என்று ஒரு சித்தி எங்கள் காதுபடவே கேட்டாள். இதைத்தான் நான் இன்றும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். அம்மா பொய் சொல்லவே இல்லை. சமைத்தது பயறு, சொன்னதும் பயறு. அவர்களால் அதை நம்ப முடியவில்லை. ஒருத்திக்கு என்ன செய்தோம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவள் இடத்தில் தாங்கள் இருந்தால் ஈரலைத்தான் போட்டிருப்போம் என்பதும் தெரியும். அம்மாவிடம் நான் கேட்டதற்கு, "நான் உள்ளதத்தான சொன்னேன். நம்பாதது அவுக பாடு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வேலைக்குப் போகும் சேலையை மடித்து வைத்தாள்.

கிடா வெட்டும் நாள் வந்தது. பெரியப்பா மஞ்சத்தண்ணீரை அள்ளித் தெளித்தார். கிடா சிலுப்பவில்லை. மறுபடி தெளித்தார். அது காதைக்கூட ஆட்டாமல், வாயில் இருந்த வேப்பிலையை மென்றுகொண்டு நின்றது. வெயில் ஏற ஏற, கூட்டத்தில் முணுமுணுப்பும் ஏறியது. கடைசியில் அந்த விரல் மோந்த பங்காளியே வாயைத் திறந்தார். "ஈரல் தின்ன கை தெளிச்சா கிடா எப்படிச் சிலுப்பும்?" அத்தனை பேரும் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான். உடனே ஆண்கள் வேம்படியில் கூட்டமாக உட்கார்ந்தார்கள். விரதம் கெட்டது உண்மை என்றால் பெரியப்பா அங்கேயே காப்பை அறுத்துக் கொடுத்துவிட வேண்டும். காப்பும் மரியாதையும் அவர் வீட்டை விட்டு வேறு வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது.

"அது பயறுய்யா. அவளே எங்கிட்டச் சொன்னா" என்றார் பெரியப்பா. "பந்தியில சொன்னது கூட்டத்துல செல்லாது. கூட்டத்துல தலைக்கட்டுதான் பேசலாம். நீங்க வச்ச வழக்கந்தானே" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், "அந்த வீடுதான் தலைக்கட்டே இல்லையே" என்றார். பெரியப்பா எழுந்து, அத்தனை பேர் பார்க்க, பெண்கள் நிற்கும் இடத்துக்கு வந்தார். அவர் சட்டையில்லாத முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, வந்து ஒரு வார்த்தை சொல்லிரு."

"சொல்றேன் அத்தான். எந்த வீட்டுக்காரின்னு வந்து சொல்லணும்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னாள். "தலைக்கட்டு இல்லாதவ பேச்சு செல்லாதுன்னு இப்பத்தான சொன்னாக. எம் மக பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. வாரோம்." கிடா ஒருமுறை கத்தியது. பெரியப்பா என்னைப் பார்த்தார். மிச்சம் கிடந்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லி முன்பு பார்த்த அதே கண்தான். நான் தலையைக் குனியவில்லை. அவர் திரும்பிப் போய்ப் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, என் பேரைச் சொல்லி, தலைக்கட்டு என்று சேர்த்துக் கூப்பிட்டார். முதல் முறை குரல் எழவில்லை. பின்னாலிருந்து யாரோ, "கேக்கலையே" என்றார்கள். மறுபடி கூப்பிட்டார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடுவில் போய் நின்றாள். அவள் அங்கே பேசியது இவ்வளவுதான், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "எங்க வீட்டுக்காரர் போன வருசத்தோட எங்களுக்குப் பங்கு நின்னுபோச்சு. பங்கு நின்ன வீட்டுக்கு ஈரல் எங்கன இருந்து வரும்? அது பயறு. அத்தான் கடைப் பயறு. அவுக கையால அள்ளிப் பாத்து, புதுச் சரக்குன்னு சொல்லிக் குடுத்த பயறு."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அது பரவியது. வாழ்நாள் முழுக்கப் பயறை உள்ளங்கையில் பரப்பி நல்லது கெட்டது சொன்னவர், அதே பயறைத் தின்றுவிட்டு, தின்றது பயறு என்று சொல்ல ஆள் தேடி நின்றார். பெண்கள் பக்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பெரியப்பா சொம்பை எடுத்து மறுபடி தண்ணீர் தெளித்தார். கிடா உடம்பைச் சிலுப்பியது. ஈ கடித்ததோ, வெயிலோ, சாமியோ, எனக்குத் தெரியாது. காப்பு அவரிடமே இருந்தது. மரியாதை எவ்வளவு மிஞ்சியது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பங்கு பிரிக்கும்போது என் பேரையும் கூப்பிட்டார். அம்மா என்னைப் போகவிடவில்லை. "வாசலுக்கு வரட்டும்" என்றாள். வராத தலைக்கட்டுக்கு, அன்று விளக்கு வைப்பதற்குள், பேர் சொன்னவரே வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதும் ஒரு வழக்கம். அவர் வைத்த வழக்கம் ஒவ்வொன்றும் அன்று அவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. சாயங்காலம் கொட்டானோடு வந்தார். அம்மா இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். மேலே மடித்திருந்த ஓலையை விலக்கினாள். கரி ஒட்டிய துண்டு, கட்டைவிரல் அளவு. எனக்கு எச்சில் ஊறியது. அவள் வாசலில் குனிந்து அந்தச் சாம்பல் பூனையைக் கூப்பிட்டாள். அதன் முன்னால் ஈரலை வைத்தாள். பூனை மோந்துகூடப் பார்க்கவில்லை, ஒரே கவ்வு. பெரியப்பா பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். சாமி பிரசாதத்தைப் பூனைக்குப் போட்ட பாவி என்று பின்னால் பேசினார்கள். "பூனைக்கும் அதே சாமிதான்" என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆணி அடித்துக் கொட்டானை மாட்டிவிட்டு, எனக்குப் பயறு ஈரல் வைத்தாள். "வந்துருச்சுல்ல. இம்புட்டும் கறிக்குன்னா நினைச்ச?" என்றாள். அதன் பிறகும் அவள் கறி தின்னவில்லை. பழகிவிட்டது என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பங்குனியும் கொட்டான் வாசலுக்கு வருகிறது. அவர் கையால்தான் வர வேண்டும் என்பதில் அம்மா கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. நானும் விடவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்திருந்தால் வேறு வகையறாவுக்குப் போயிருப்பேன், பங்கு மறுபடி நின்றிருக்கும். அதனால்தான் செய்யவில்லை என்று சொன்னால் பொய். அது காரணமே இல்லை என்றாலும் பொய்.

அட்டைப்பெட்டி அச்சாகி லோடு ஏறிய பிறகு இந்த வருடப் பங்குனி வந்தது. பெரியப்பாவுக்கு இப்போது நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, கறி தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மருமகள் நாங்கள் அச்சடித்த அதே பெட்டியை வாங்கிச் சமைத்துப் போட்டாளாம். ரப்பர் மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டாராம். கிடா வெட்டிய அன்று சாயங்காலம் பெரியப்பா தன் பேரனின் காரில் வந்து இறங்கி, கொட்டானைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் வாங்கிக்கொண்டேன். உள்ளே இரும்புச் சட்டியில் பயறு வதங்கிக்கொண்டிருந்தது. வாசம் வாசலுக்கு வந்திருந்தது. அவர் போகாமல் நின்றார்.

"அம்மா கைப்பக்குவம் மாதிரியே வாசம் அடிக்குது தாயி" என்றார். பிறகு, கேட்பதற்கு மிகவும் கஷ்டப்பட்டு, "ரெண்டு துண்டு குடு. கறிதான் ஆகாது, இது ஆகும்ல" என்றார்.

முன்னால் நின்றவர் வயதானவர், நோயாளி. அது எனக்குத் தெரியாமல் இல்லை. வெயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தவளின் உள்ளங்கை எப்படிச் சுட்டது என்பதும் தெரியும். கொட்டானைப் பிரித்து, வாசலில் காத்திருந்த பூனைக்கு ஈரலைப் போட்டேன். அந்தச் சாம்பல் பூனையின் வழியில் வந்தது. பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"இருங்க பெரியப்பா. கடைசியில மிச்சம் கிடந்தா சொல்லி அனுப்புறேன்."

அவருக்கு ஞாபகம் இருந்தது. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பேரன் வந்து கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போனான். நான் உள்ளே வந்து அடுப்பை அணைத்து, உப்பு ஜாடிக்கு மேலே தொங்கும் கொட்டானுக்கு நேராக உட்கார்ந்து, சட்டியோடு வைத்துச் சாப்பிட்டேன். ஒரு ஆள் சாப்பிடும் அளவுக்கு மேலேயே இருந்தது. மிச்சம் வைக்கவில்லை.